சிலுவைத் தாலிக்கு முதல் பக்கம்

ஈஸ்டருக்குள் கூகுளில் முதல் பக்கத்துக்கு வந்துவிட வேண்டும். வந்துவிட்டால் டெல்பின் அக்கா கம்பெனிக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. வராவிட்டால் மறுபடியும் அதே லைன், அதே நைட் ஷிஃப்ட், துணியெல்லாம் அதே சால்டரிங் நாற்றம். அவளுடைய இடத்தை ஈஸ்டர் வரைக்கும்தான் பிடித்துவைக்க முடியும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அக்கா விற்பது கவரிங் நகை. ஓசூர் பக்கம் மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டின் முன் அறைதான் கடை. போட்டோ எடுப்பதும் அங்கேதான், பேக்கிங்கும் அங்கேதான். அம்மா லூர்தம்மாள் அதே அறையில் செபமாலை சொல்வாள், நடுவில் நிறுத்தி, "இந்தக் கம்மலுக்கு திருகாணி காணோம்டி" என்பாள். வெப்சைட் என் வேலை. அதை யாராவது தேடிக் கண்டுபிடிக்கிற மாதிரி செய்வதும் என் வேலை. அதற்குப் பெயர் எஸ்.இ.ஓ. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன், எனக்கு அது பைத்தியம் மாதிரி.

கவரிங் என்று போட்டு ஜெயிக்க முடியாது. பெரிய பெரிய கடைகள் எல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. யாரும் உட்காராத இடம் எது? பல நாள் யோசித்து ஒரு மத்தியானம் சாப்பிடும்போது பிடிபட்டது. சிலுவைத் தாலி! ஓசூரில் சிலுவைத் தாலி என்று ஆட்கள் தேடுகிறார்கள், ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு கடைகூட வரவில்லை. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் எங்கள் ஆட்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஈஸ்டர் முடிந்ததும் கோயில் கோயிலாகக் கல்யாண ஓலை வாசிப்பார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று பூசையில் அறிவிப்பார்கள். பெட்டியில் தங்கம் இருந்தாலும் போட்டோவுக்கும் ரிசப்ஷனுக்கும் கவரிங் செட் வேண்டும். கையில் இருந்த சோற்றோடு எழுந்து ஆடினேன்.

ஆனால் கடையைப் பற்றி ஜனங்கள் நாலு வார்த்தை எழுதியிருக்க வேண்டும். அந்த ரிவியூக்களில் 'சிலுவைத் தாலி', 'கல்யாண செட்', 'ஓசூர்' எல்லாம் வரவேண்டும். வாங்கியவர்கள் எழுதுவார்கள் என்று காத்திருந்தால் அடுத்த தவக்காலம் வந்துவிடும். அதனால் நானே எழுதினேன், ஆளுக்கொரு மாதிரி. அக்காவோடு கம்பெனி பஸ்ஸில் போய்வந்த பெண்கள் அவரவர் போனிலிருந்து போட வேண்டும், அவ்வளவுதான். பிரியா பொறுப்பு எடுத்துக்கொண்டாள். நாகரசம்பட்டிக்காரி, எங்கள் தெருவில் ரூம் எடுத்துத் தங்கி அக்கா வேலை செய்த லைனிலேயே வேலை பார்க்கிறவள்.

"ஏன் ஸ்டீவ், எனக்கு மட்டும் என்னாத்துக்கு இம்மாம் நீளம்?" என்றாள்.

"உன்னுதுதான் மெயின்."

"'என் கல்யாணத்துக்கு சிலுவைத் தாலியும் கல்யாண செட்டும் இங்கதான் வாங்கினேன்'னு போட்டிருக்க. டேய், எங்க வீட்டுல மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தறவங்கடா."

"மாரியம்மன் கூகுள் பாக்கறாங்களா?"

பிரியா சிரித்த சிரிப்பில் அம்மாவுக்குச் செபமாலை மணி எண்ணிக்கை தப்பியது. அக்கா மட்டும், "வேணாம்டி, கல்யாணம் ஆகாத புள்ள. வேற யாராச்சும் போடட்டும்" என்றாள்.

"இருக்கட்டும்க்கா. நீ கடைய நிக்க வெச்சாத்தான நாளைக்கு நானும் லைனை விட்டுட்டு உன்கிட்ட பேக்கிங்குக்கு வர முடியும்?"

ஒரே வாரம். பஸ் ஜூஜுவாடி நெரிசலில் நிற்கும்போதெல்லாம் உள்ளே உட்கார்ந்து ஆளாளுக்கு ஐந்து நட்சத்திரம் குத்தினார்கள். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று நாங்கள் முதல் பக்கத்தில் இருந்தோம். அத்திப்பள்ளியிலிருந்து ஆர்டர், கோலார் தங்கவயலிலிருந்து ஆர்டர். அக்கா அட்டைப்பெட்டிகள் நடுவே உட்கார்ந்து, "சூப்பர்வைசருக்கு வரலேன்னு சொல்லிடட்டுமாடா?" என்று கேட்டாள். "இப்பவே சொல்லு" என்றேன். ஈஸ்டர் தாண்டட்டும் என்றாள்.

புதன்கிழமை மத்தியானம் பிரியாவும் அவள் அப்பா முனிவேலும் வந்தார்கள். அவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று கேட்டார்.

"ஏம்மா டெல்பினு, எம்பொண்ணு உங்க ஆளுங்கள்ல யாரையாச்சும் கட்டிகினாளா? மறைக்காத சொல்லிடு."

பிரியாவுக்குக் கிருஷ்ணகிரியில் விஜயகுமார் என்ற மாப்பிள்ளையைப் பேசி முடித்திருந்தார்கள். அவனுடைய அக்கா அனிதா, தம்பி கல்யாணத்துக்குத் தான் போட்டுக்கொள்ள நகை தேடியிருக்கிறாள். ஓசூர் கல்யாண செட் என்று அடித்தவுடன் வந்தது எங்கள் கடை. ரிவியூக்களைப் படித்துக்கொண்டே போனவள் கண்ணில் பச்சைப் புடவையில் ஒரு முகம் பட்டிருக்கிறது. பெண் பார்க்கக் கொடுத்தனுப்பிய அதே போட்டோவைத்தான் பிரியா தன் கூகுள் கணக்கிலும் வைத்திருந்தாள். பக்கத்திலேயே நான் எழுதிய அந்த வரி.

"டெலிட் பண்ணிட்டேன் டெல்பின்கா," பிரியா அழுதுகொண்டே சொன்னாள். "அவங்க போட்டோ எடுத்து வெச்சிருக்காங்க. சும்மா எழுதினதுன்னு நான் சொன்னா நம்பல."

"கடைக்கார பொண்ணே வந்து சொல்லட்டும்னு கேக்கறாங்க," என்றார் முனிவேல். "நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்மா."

கிருஷ்ணகிரி பஸ்ஸில் நான் அக்காவின் காதைக் கடித்துக்கொண்டே வந்தேன். "பிரியாவுது ஒண்ணுதான் பொய்யின்னு சொல்லு. விளையாட்டுக்குப் போட்டான்னு சொல்லு. மத்ததைப் பத்தி வாயத் திறக்காத. புரியுதா?" அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டில் நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுக்கவில்லை. அனிதா போனைக் கையில் நிமிர்த்திப் பிடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தத் தம்பிதான் மாப்பிள்ளையா?"

"நான் கடையோட எஸ்.இ.ஓ.ங்க," என்றேன். முட்டாள்தனமாக இருந்தது, ஆனால் வேறு என்ன சொல்வது?

அக்கா சொன்னாள்: "பிரியா எங்ககிட்ட ஒண்ணும் வாங்கலைங்க. கடை பேரு மேல வரட்டும்னு சும்மா எழுதினா."

"அப்படியா? மத்த பொண்ணுங்கல்லாம் நெஜமா வாங்கிட்டு நெஜத்த எழுதுவாங்க, உன் பிரெண்டு மட்டும் தாலி வாங்கினேன்னு பொய் எழுதுவா. எந்தப் பொண்ணாவது தாலில பொய் சொல்லுவாளா? இத நாங்க நம்பணும்?"

பிரியா எழுதியது பொய் என்று நிற்க வேண்டுமானால் எல்லாமே பொய்யாக இருந்தாக வேண்டும். நான் அக்காவின் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன். விஜயகுமார் சுவரோரம் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிரியா தலையே தூக்கவில்லை.

அக்கா என் கையை விலக்கினாள்.

"யாருமே வாங்கலைங்க. அங்க எழுதியிருக்கற புள்ளைங்க எல்லாம் என்கூட கம்பெனி பஸ்ஸுல வந்தவங்க. என் தம்பி எழுதிக் குடுத்தான், அவங்க போட்டாங்க. எனக்கு எல்லாம் தெரியும்."

"மொத்தமும் பொய்யி?"

"மொத்தமும்."

அனிதா போனைக் கீழே இறக்கியபோதுதான் அவள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள் என்பது தெரிந்தது.

கல்யாணம் நிற்கவில்லை. பிரியா உடனே வேலையை விட வேண்டும், இந்தக் கிறிஸ்டியன் வீட்டுச் சகவாசம் கூடாது என்று பேசி முடித்தார்கள். முனிவேல் கைகூப்பி ஒத்துக்கொண்டார். எங்களைப் பார்த்துக் கும்பிடவில்லை. பிரியாவின் நம்பருக்கு இன்றுவரை ரிங் போகவில்லை.

பெரிய வெள்ளியன்று வீடியோ யூடியூபில் வந்தது. அக்கா முகம், அக்கா குரல், "யாருமே வாங்கலைங்க." தலைப்பில் அனிதா ஓசூர், சிலுவைத் தாலி, கல்யாண செட், ஆன்லைன் கடை, எல்லாவற்றையும் போட்டிருந்தாள். எனக்கே அவ்வளவு அழகாகப் போட வராது. ஈஸ்டர் பூசை முடிந்து கோயில் வாசலிலேயே தேடிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் முதல் இடம் அந்த வீடியோவுக்கு. எங்கள் கடை எங்கேயோ கீழே. பஸ் பெண்கள் ஒருத்தி விடாமல் ரிவியூவை அழித்திருந்தார்கள், அப்பன் அண்ணன்மார் போனைப் பிடுங்கிப் பார்த்தார்களாம். கல்யாணம் குறித்திருந்த இரண்டு குடும்பம் ஆர்டரைக் கேன்சல் செய்தது. அதில் ஒன்று எங்கள் பங்குக் கோயில் குடும்பம், பூசை நடுவில் சமாதானம் சொல்லி எனக்குக் கை கொடுக்கிற ஆட்கள்.

திங்கட்கிழமை அக்கா யூனிஃபார்ம் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள். நான் பின்னாலேயே பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன்.

"அக்கா, அந்த வீடியோவைக் கீழ தள்ளிடலாம். புதுசா பத்து பேஜ் போடறேன். வேற பேரு வெச்சிக்கலாம். எனக்குக் கொஞ்சம் டைம் குடு."

"யார வெச்சுடா எழுதுவ?"

"நானே..."

"நீ எழுதுவ. போடறதுக்கு யாரு இருக்கா?"

பஸ் வந்தது. டிரைவர் கங்கப்பன் கன்னடத்தில், "பேக ஹத்தம்மா, பேக!" என்று அவசரப்படுத்தினார். அக்கா ஏறினாள். உள்ளே பேச்சுச் சத்தம் நின்றதை நான் கீழே இருந்தே கேட்டேன். தங்கமணியின் பக்கத்தில் ஒரு சீட் காலியாக இருந்தது. போன மாதம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போனவள்தான் அவள், ரிவியூ போட்டவர்களில் ஒருத்தி. அக்கா அருகில் போனதும் அவள் தன் மடியில் இருந்த சாப்பாட்டுப் பையை எடுத்து அந்தச் சீட்டில் வைத்தாள். பஸ் நகர்ந்தபோது அக்கா மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.