ஒன்பதாம் குழு

வகுப்பு தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை இரண்டாம் ஆண்டுக்கான கால அட்டவணையை வெளியிட்டது. பஸ் டிப்போ அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, சார்ட்டக்கா அதை ஃபோனில் திறந்து பார்த்தாள். முதல் குழு இருந்தது, இரண்டாம் குழு இருந்தது, எட்டாம் குழு வரை வரிசையாக இருந்தது. ஒன்பதாம் குழுவைக் காணோம்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தாள். இல்லவே இல்லை.

சார்ட்டக்கா என்பது டிரைவர்கள் வைத்த பெயர். அந்த டிப்போவில் எந்த வண்டியை யார் எத்தனை மணிக்கு எடுப்பது, யாருக்கு எப்போது ஓய்வு, யார் லீவு போட்டால் யாரை ஏற்றுவது என்று வாராவாரம் டியூட்டி சார்ட் போடுகிறவள் அவள்தான். பதினாறு வருஷமாக அதே நாற்காலி. நாலு வருஷத்துக்கு முன் ஒரு டிரைவரை வேலையைவிட்டு எடுத்தார்கள். விசாரணையில் நிர்வாகத்தின் வக்கீல் அவள் போட்ட சார்ட்டையே எடுத்துவைத்து, அது சொல்லாததையெல்லாம் அது சொல்வதுபோல் வாசித்துக் காட்டினார். தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அடுத்த வருஷமே நாற்பத்தோரு வயதில் சட்டப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். முதல் தடவை இடம் கிடைக்கவில்லை, இரண்டாம் தடவை கிடைத்தது.

அந்தத் துறையில் படிப்பு இரண்டு துண்டாக நடக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் வாரம் ஒரு பெரிய வகுப்பு, இருநூறு பேர் உட்காரும் மண்டபத்தில். அதைப் பதிவு செய்து வைத்துவிடுவதால் வீட்டிலிருந்தும் கேட்கலாம். அதோடு வாரம் ஒரு குழு வகுப்பு, இருபது பேருக்கு மிகாமல். வழக்குகளைப் பிரித்து மேய்வதெல்லாம் அங்கேதான். அதற்கு நேரில் போயே ஆகவேண்டும். ஒரு பாடத்துக்குப் பருவத்தில் பன்னிரண்டு குழு வகுப்பு. பத்துக்குக் குறைந்தால் தேர்வெழுத முடியாது. பகலில் படிக்கும் பிள்ளைகளுக்கு எட்டுக் குழுக்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற பத்தொன்பது பேருக்கு மாலை ஆறு மணிக்கு ஒன்பதாம் குழு. போன வருஷம் அப்படித்தான் நடந்தது. இந்த வருஷம் அந்தப் பத்தொன்பது பேரையும் எட்டுக் குழுக்களுக்கும் பங்கு பிரித்துவிட்டிருந்தார்கள். அவளுக்கு விழுந்தது மூன்றாம் குழு: செவ்வாய் காலை பதினொரு மணி, வியாழன் மதியம் இரண்டு மணி.

அன்று மாலை வீட்டில் சொன்னபோது, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஒரு வருஷம் தள்ளிப்போட்டா என்ன, குடியா முழுகிடும்?"

"இந்த வருஷம் தள்ளிப்போட்டா அடுத்த வருஷம் மட்டும் சாயங்கால வகுப்பு தானா முளைச்சிடுமா?"

"அதுவும் சரிதான்" என்றார் அவர். விட்டுக்கொடுப்பதில் அவருக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை. "அப்ப போய்ச் சண்டை போடு. சாப்பாட்டை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் துறை அலுவலகத்துக்குப் போனாள். கால அட்டவணை போடுகிறவர் இரண்டு திரைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர்தான், நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். ஆனால் பதில் தயாராக இருந்தது.

"ரூம் இல்லம்மா. நாங்க என்ன பண்றது?"

"சாயங்காலம் ஆறு மணிக்குமா ரூம் இல்ல?"

"சிஸ்டம் குடுக்கலம்மா. சிஸ்டம் குடுத்தாத்தானே நான் போடமுடியும்."

சார்ட்டக்கா நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் ஒவ்வொரு வகுப்பறைக் கதவிலும் அந்தப் பருவத்துக்கான அட்டவணையை ஒட்டியிருந்தார்கள். பதினாலு கதவையும் நின்று வாசித்தாள். ஐந்து மணிக்கு மேல் ஒரு கதவிலும் ஒரு எழுத்துகூட இல்லை. எல்லாவற்றையும் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு திரும்பவும் அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

அட்டவணைக்காரர் ஃபோட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"புது சாஃப்ட்வேர்ம்மா. அதுல கடைசி நேரம்னு ஒண்ணு கேக்கும். அஞ்சு மணின்னு போடச் சொன்னாங்க, போட்டேன். அஞ்சுக்கு மேல அதுக்கு உலகமே கிடையாது."

"யார் போடச் சொன்னது?"

அவர் மேலே பார்த்தார். மேல் மாடியில் டீன் அறை.

"ஏழரைன்னு மாத்த எவ்வளவு நேரமாகும்?"

"மாத்த ரெண்டு நிமிஷம். மாத்தச் சொல்லி எழுத்துல வரணும், அதுதான்."

டீனைப் பார்க்க ஒரு வாரம் ஆயிற்று. பாடத்திட்டக் குழுவின் கூட்டத்தில் அவளுக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். அதற்குள் அவள் மாலைக்காரர்கள் பத்தொன்பது பேரையும் ஃபோனில் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, மருந்துக்கடைக்காரர் ஒருவர், பள்ளிக்கூட டீச்சர்கள் மூன்று பேர், நீதிமன்றத்தில் டைப் அடிக்கிறவர் ஒருவர், இப்படிப் பலதரப்பட்டவர்கள். நர்ஸ் மட்டும் அவளோடு கூட்டத்துக்கு வந்தாள், ராத்திரி டியூட்டி முடித்த கண்களோடு.

டீன் நீள மேசையின் தலைமாட்டில் இருந்தார். முதல் வருஷம் அவர்களுக்கு ஒப்பந்தச் சட்டம் நடத்தியவர் அவரே.

"உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது" என்று தொடங்கினார். "பகல் குழுவுக்கு வர முடியாதவங்க ஒரு வருஷம் ஒத்திவைக்கலாம். அபராதம் எதுவும் கிடையாது."

"சார், நாங்க சேந்தது மாலைப் பிரிவுல. சேர்க்கைக் கடிதத்துல 'மாலைப் பிரிவு'ன்னுதான் இருக்கு."

"அதே கடிதத்துல கீழ பாருங்க. 'வகுப்பு நேரங்கள் மாற்றத்துக்கு உட்பட்டவை.'"

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் என்றால் சார்ட்டக்கா அத்தோடு வாயடைத்துப் போயிருப்பாள்.

"எங்க பஸ் ஸ்டாப்புலயும் அப்படி ஒரு வரி இருக்கு சார். ஏழு மணி வண்டி ஏழே காலுக்கு வந்தா அதைக் காட்டித் தப்பிச்சுக்கலாம். வண்டியே விடாம இருந்துட்டு அதைக் காட்டினா ஜனங்க டிப்போவுக்குள்ள வந்துடுவாங்க. ஆறு மணியை ஏழாக்குங்க, செவ்வாயைப் புதனாக்குங்க, அது மாத்தம். சாயங்காலத்தையே எடுத்துட்டா அதுக்குப் பேர் மாத்தம் இல்ல. ஒருத்தர் மட்டும் தன் இஷ்டத்துக்கு ஒப்பந்தத்தைக் கலைக்க முடியாதுன்னு நீங்கதான் சார் நடத்தினீங்க. நான் நோட்ஸ் எடுத்து வச்சிருக்கேன்."

யாரோ இருமுவதுபோல் சிரிப்பை அடக்கினார்கள். டீன் சிரிக்கவில்லை. "பரிசீலிக்கிறோம்" என்றார்.

வெளியே வந்ததும் நர்ஸ் கேட்டாள், "பரிசீலிக்கிறோம்னா என்னக்கா அர்த்தம்?"

"வகுப்பு ஆரம்பிக்கற வரைக்கும் வாயை மூடிட்டு இருங்கன்னு அர்த்தம்."

திங்கள்கிழமை வகுப்புகள் தொடங்கின. ஒன்பதாம் குழு வரவில்லை. பதிலும் வரவில்லை. செவ்வாய் மாலை ஆறு மணிக்கு மாலைக்காரர்களில் பதினாறு பேர் இரண்டாம் மாடியில் காலியாகக் கிடந்த ஒரு வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்தார்கள். கால் மணி நேரத்தில் செக்யூரிட்டி வந்துவிட்டார்.

"ரூம் புக் பண்ணியிருக்கணும். இல்லன்னா எழுந்திரிங்க."

நர்ஸ் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். மாணவர் சங்கங்களுக்கு மாலையில் அறை கொடுப்பதுண்டு. அதற்குத் தனி விண்ணப்பம், தனி மேசை. சாஃப்ட்வேருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நர்ஸ் ஒரு வாரத்துக்கு முன்பே 'நிர்வாகச் சட்ட ஆர்வலர் சங்கம்' என்று ஒன்றைப் பதிவு செய்து, பருவம் முழுக்க செவ்வாயும் வியாழனும் அந்த அறையைப் பிடித்து வைத்திருந்தாள். செக்யூரிட்டி தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"சங்கத்துக்குத் தலைவர் யாரு?"

"நான்தான்" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பாடம் நடத்த ஆள் வேண்டுமே. நிர்வாகச் சட்டம் எடுக்கும் விரிவுரையாளரை சார்ட்டக்கா முந்தின வாரமே நடைபாதையில் மறித்துக் கேட்டிருந்தாள். மாலைக்காரர்களே வகுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகத்தான் துறையில் அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தார்களாம். ஆறு இருபதுக்கு அந்த அம்மா கையில் புத்தகத்தோடு உள்ளே வந்தார். மூச்சு வாங்கியது.

"முதல் பாடம் என்னன்னு தெரியும்ல? முடிவெடுக்கறதுக்கு முன்னாடி பாதிக்கப்படறவங்களைக் கேக்கணும். இன்னிக்கு உதாரணம் தேடி ரொம்ப தூரம் போகவேண்டாம்."

வியாழக்கிழமை சொத்துச் சட்டக்காரரும் வந்தார். "எனக்குக் காலையில எழுந்திரிக்கிறதுதான் ஆகாது. சாயங்காலம்னா எத்தனை பேருக்கு வேணாலும் நடத்தறேன்" என்றார். வகுப்பு முடிந்ததும் சார்ட்டக்கா ஒரு தாளில் தேதி போட்டு, வந்தவர்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, அடியில் ஆசிரியரிடமும் வாங்கினாள். மூன்று வாரம் இப்படி ஓடியது. முதல் நாள் வராத மூன்று பேரும் இரண்டாம் வாரம் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

நான்காம் வாரம் திங்களன்று எல்லாருக்கும் மின்னஞ்சல் வந்தது. ஒன்பதாம் குழு 'இந்தப் பருவத்துக்கு மட்டும் பரிசோதனை முறையில்' சேர்க்கப்படுகிறது. டிப்போவில் டிரைவர்கள் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். மின்னஞ்சலின் கடைசிப் பத்தியை அவள் அதற்கு அப்புறம்தான் படித்தாள். முதல் மூன்று வாரங்கள் ஒன்பதாம் குழு என்று ஒன்று இல்லாததால் அவற்றுக்கு வருகைப் பதிவு கிடையாது. பாதிக்கப்பட்டவர்கள் இத்துடன் இணைத்துள்ள சலுகைப் படிவத்தில் கையெழுத்திட்டால் விலக்கு அளிக்கப்படும்.

படிவத்தில் ஒரே வாக்கியம்: 'எனது சொந்தக் காரணங்களால் முதல் மூன்று வார வகுப்புகளுக்கு வர இயலவில்லை, அதற்கு வருந்துகிறேன்.'

மறுநாள் மாலை வகுப்புக்கு முன்னால் நடைபாதையில் எல்லாரும் கூடினார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் மீதியுள்ள ஒன்பது வகுப்புக்கும் தவறாமல் வந்தாலும் கணக்கு ஒன்பதுதான். பத்துக்கு ஒன்று குறையும். தேர்வு எழுத முடியாது.

"ஒரு கையெழுத்துதானேக்கா" என்றாள் நர்ஸ். "போட்டுட்டுப் படிப்பைப் பாப்போம். இன்னொரு வருஷம் இழுத்துட்டுப் போக என் உடம்புல தெம்பு இல்ல."

"நீ போடு. உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நான் போடமாட்டேன்."

"பிடிவாதம் பிடிச்சு என்ன கிடைக்கப்போகுது?"

"நான் வந்தேன். ஒரு நாள் விடாம வந்தேன். டிப்போவுலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்தேன். வரலைன்னு என் கையால எழுதிக் குடுத்துட்டு, அதுக்கு மன்னிப்பும் கேட்டுட்டு, நாளைக்கு வக்கீலா நின்னு யாருக்காக என்ன பேசறது?"

பதினொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள், நர்ஸும் அதில் ஒருத்தி. எட்டுப் பேர் போடவில்லை. சார்ட்டக்கா படிவத்தில் அச்சடித்திருந்த வாக்கியத்தை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினாள்: 'மூன்று வாரமும் வந்தேன். கையெழுத்துத் தாள்கள் இணைப்பு. வருந்துவதற்கு என்னிடம் எதுவும் இல்லை.' ஆறு வகுப்புகளின் தாள்களையும் நகலெடுத்துச் சேர்த்து பல்கலைக்கழகத்தின் மேல்முறையீட்டுப் பிரிவில் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டாள்.

அப்புறம் காத்திருப்பு. அந்த இரண்டு வாரமும் சார்ட்டில் தப்பு வந்தது. ஒரே டிரைவரை இரண்டு வண்டிக்குப் போட்டுவிட்டாள். பதினாறு வருஷத்தில் முதல் தடவை. வீட்டில் மகள் கேட்டாள்: "பரீட்சை எழுத விடலன்னா என்னம்மா பண்ணுவே?"

"மறுபடி முதல்லேர்ந்து உக்காந்து படிப்பேன். அதுக்காகப் பொய் எழுதிக் குடுக்க முடியுமா?" என்றாள்.

மேல்முறையீட்டு விசாரணைக்கு மூன்று பேராசிரியர்கள் வந்திருந்தார்கள். இரண்டு ஆசிரியர்களும் வகுப்பு நடத்தியது உண்மை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். துறை சார்பில் வந்த அட்டவணைக்காரர், பதினொரு பேர் தாங்களே வரவில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்களே என்று அந்தப் படிவங்களை எடுக்கப் போனார்.

கதவைத் தட்டிவிட்டு நர்ஸ் உள்ளே வந்தாள். பின்னால் மருந்துக்கடைக்காரர், டீச்சர்கள் என்று கையெழுத்துப் போட்ட மற்றப் பத்துப் பேரும்.

"எங்க ஃபாரத்தைத் திருப்பிக் குடுங்க" என்றாள் நர்ஸ். "அதுல எழுதியிருக்கறது பொய். பரீட்சை பயத்துல போட்டுட்டோம். நாங்களும் வந்தோம். இந்தத் தாள்லயே எங்க கையெழுத்தும் இருக்கு, பாருங்க."

நடுவில் இருந்த பேராசிரியர் தாள்களையும் படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அட்டவணைக்காரரிடம் கேட்டார்: "இந்த வாக்கியத்தை எழுதினது யாரு?"

அட்டவணைக்காரர் இந்தத் தடவை மேலே பார்க்கவில்லை. "டீன் சார் சொன்னார், நான் டைப் பண்ணேன்" என்றார்.

நான்கு நாள் கழித்து இரண்டு வரியில் கடிதம் வந்தது. முதல் மூன்று வார வகுப்புகளும் வகுப்புகளாகவே ஏற்கப்படுகின்றன. அவரவர் கையெழுத்துப்படி வருகை பதிவு செய்யப்படும்.

கணவர் கடிதத்தை வாங்கிச் சத்தமாகப் படித்தார். "ஜெயிச்சுட்டே. இனிமேலாவது நிம்மதியாப் படி."

"'வருந்துகிறோம்'னு எங்கயாவது இருக்கா பாருங்க."

"இல்ல."

"'இந்தப் பருவத்துக்கு மட்டும்'னு போட்டதை எடுத்திருக்காங்களா?"

அவர் மறுபடி படித்தார். "அதுவும் இல்ல."

சார்ட்டக்கா சாப்பாட்டு மேசையில் புத்தகங்களை ஒதுக்கி இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். மதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கு என்று தொடங்கி, ஒன்பதாம் குழு பட்டப்படிப்பின் எல்லா ஆண்டுகளிலும் மாலையில் நடக்கும் என்பதை எழுத்தில் தரும்படி கேட்டு, பதில் வேண்டிய தேதியையும் அவளே குறித்தாள். நன்றி என்று முடிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். வேண்டாம் என்று விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.