திருத்தாத பயிற்சி

அப்பாவுக்குப் பயம் வந்தால் அடுப்புக்குத்தான் கொண்டாட்டம். ஜப்பான்காரன் வந்தபோது ஆங்கிலப் புத்தகங்களை எரித்தார். அவன் போனபோது ஜப்பான் புத்தகங்களை எரித்தார். இப்போது அவசரகாலம், 1951; காட்டுக்குள் இருக்கும் சீனக் கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்காரன் தேடுகிறான். செலண்டார் பக்கத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. நாளைக் காலை, கணக்கு எழுதும் அப்பா போன்ற கிராணிமார் வீடுகளிலும் போலீஸ் சோதனையாம்.

"பிள்ளை, உன்ர பெட்டிக்குள்ள இருக்கிற கொப்பியையும் கொண்டு வா. சீன எழுத்தெண்டு நினைச்சால் என்னைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்."

ஜப்பான் எழுத்துக்கும் சீன எழுத்துக்கும் வித்தியாசம் தெரிந்த போலீஸ்காரனை எங்கே தேடுவது? அப்பா சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்குக் கோபம்.

அது கனகலிங்கத்தின் கொப்பி. அவன் எனக்கென்று இரண்டு வீட்டாரும் பேசி வைத்திருந்தவன். ஜப்பான் காலத்தில் தோட்டத்துப் பள்ளியில் மத்தியானம் ஜப்பான் மொழி வகுப்பு நடந்தது. வினைச்சொல்லுக்குப் பின்னால் 'கோத்தோ' என்று ஒட்டினால் அது பெயராகிவிடும் என்று வாத்தியார் ஒருநாள் சொல்லிக் கொடுத்தார்.

"உன்ர அப்பாவுக்கும் ஒரு கோத்தோ ஒட்டவேணும். ஓடித் திரியாமல் ஒரு இடத்தில இருப்பார்" என்று காதோடு சொன்னான் கனகலிங்கம்.

வெளியே ரப்பர்க் காய்கள் வெடித்துக்கொண்டிருந்தன. எனக்குக் கண் சொக்கியது. நடத்தல், சிரித்தல், மறத்தல் எல்லாம் கையில் எடுத்துப் பார்க்கும் சாமான்களாக மேசைமேல் வந்து இருந்தன. அந்த வெயிலும் அவன் குரலும் இன்றைக்கும் என்னோடு இருக்கின்றன.

பக்கத்தில் இருப்பவரின் கொப்பியைத் திருத்தி, மறுநாள் அவரிடமே கொடுப்பது வகுப்பு வழக்கம். அன்று ஐந்து வினைகளைப் பெயராக்கி, ஒவ்வொன்றையும் வைத்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அவன் எழுதிக்கொண்டிருந்தபோதே சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும் லாரி வந்துவிட்டது. அவன் பெயரையும் கூப்பிட்டார்கள்; கொப்பியை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

திரும்பி வந்தவர்கள் காய்ச்சல் என்றார்கள், வாந்திபேதி என்றார்கள். அவன் செத்ததைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. எட்டு வருஷமாக நான் அந்தக் கொப்பியைத் திருத்தவில்லை. திருத்தினால் கொடுத்துவிட வேண்டுமே.

சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். முதல் மூன்றும் சரி. நான்காவது, பாடுதல். 'பாலாம்பிகை பாடுவதைக் கேட்கப் பொறுமை வேண்டும்' என்று என் பெயரையே போட்டு எழுதியிருந்தான், படுபாவி. சிரித்துக்கொண்டே சரி போட்டேன்.

ஐந்தாவது, 'கயெரு கோத்தோ'. திரும்பி வருதல். பெயராக்கியிருந்தான். அதற்குக் கீழே வாக்கியம் இல்லை.

பாதி எழுதியதற்கு மதிப்பெண் கிடையாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை வருஷம் மனசுக்குள் ஐந்துக்கு ஐந்து போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். இன்று நான்கு போட்டேன். போடும்போது அழுதேன்.

அப்பா வாசற்படியில் நின்றார். "தரமாட்டியோ, பிள்ளை?"

"தாறன் அப்பா" என்றேன். "திருத்தி முடிச்சிட்டன்."