சீட்டில் எழுதாத சந்து

எங்கள் லேப் பல் ஆஸ்பத்திரிக்குக் கீழே, படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. மேலே டாக்டர் ஆளைப் பார்ப்பார். எங்களுக்கு ஆள் வருவதில்லை, டப்பா வரும். டப்பாவுக்குள் ஈறின் அச்சு, மேலுக்கு ஒன்று கீழுக்கு ஒன்று, பிளாஸ்டரில் வார்த்தது. அதன்மேல் லாடம் மாதிரி வளைந்த மெழுகுக் கட்டை. மெழுகில் டாக்டர் கோடு கீறியிருப்பார். மூக்குக்கு நேரே நடுக்கோடு, இரண்டு பக்கமும் கோரைப்பல் வருகிற இடம், சிரித்தால் உதடு ஏறுகிற உயரம். கூடவே ஒரு சீட்டு. சீட்டில் பெயர் இருக்காது, நம்பர்தான்.

இந்த டப்பாவின் நம்பர் இருநூற்றுப் பதினேழு. "பெண், வயது ஐம்பத்துமூன்று. பழைய போட்டோ இல்லை. மேல் முன்பக்கம் எலும்பு குறைவு, உதட்டுக்குத் தாங்கல் வேண்டும். சாதாரண வரிசை. கீழே இருக்கிற ஈறு நன்று. சாப்பாடு இறங்காமல் எடை குறைகிறது, சீக்கிரம் தேவை."

அச்சைக் கையில் எடுத்தால் முதலில் கட்டைவிரலை ஈறுமேல் ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். கண்ணைவிட விரலுக்கு மேடுபள்ளம் நன்றாகத் தெரியும். வலது கோரைப்பல் இடத்திலிருந்து வழுவழுவென்று வந்த விரல் நடுக்கோட்டைத் தாண்டியதும் பள்ளத்தில் விழுந்தது. நாலு பல் அகலத்துக்கு எலும்பே இல்லை. சொத்தையில் பல் போனால் இப்படிக் குழி விழாது. அடிபட்டு எலும்போடு போனால்தான் விழும்.

சரி, யாரோ பாவம், விழுந்திருப்பாள் என்று அச்சைத் திருப்பினேன். மேலண்ணத்தின் நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு மேடு இருந்தது.

அந்த மேடு பலருக்குப் பிறவியிலேயே உண்டு. அடிபட்ட பள்ளமும் பலருக்கு உண்டு. இரண்டும் ஒரே வாயில் இருந்தது எனக்குத் தெரிந்து ஒருத்திக்குத்தான். கல்யாணமான புதிதில் அவள் நாக்கால் அந்த மேட்டைத் தட்டிச் சத்தம் எழுப்புவாள். "என் வாய்க்குள்ள ஒரு கல்லு கிடக்கு. பொய் சொன்னா உறுத்தும்" என்பாள். "அப்ப நான் கேக்குறதுக்கெல்லாம் யோசிச்சு பதில் சொல்லு" என்பேன். அப்போது இரண்டு பேருக்கும் அது சிரிப்பாக இருந்தது.

"என்னண்ணே, பொண்ணு பாக்க வந்த மாதிரி அப்படிப் பாக்குற?" என்றான் குக்கர். பல் செட்டை அச்சுப்பெட்டியில் பூட்டி வெந்நீரில் வேகவைப்பது அவன் வேலை. அதனால் அவனுக்கு அந்தப் பெயர்.

"எலும்பு இல்ல" என்றேன்.

"உனக்கு மட்டும் இருக்காக்கும்? காத்தடிச்சா பறந்துருவ" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனான்.

நடந்ததைச் சுருக்கமாகவே எழுதுகிறேன். நீட்டினால் எனக்குச் சாதகமாக ஏதாவது சேர்த்துவிடுவேன். அவள் தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். போகக்கூடாது என்று வெளியே பூட்டப் பூட்டை எடுத்தேன். அவள் வாசலை விட்டு நகரவில்லை. பூட்டு இருந்த கையாலேயே அடித்தேன். மகளுக்கு அப்போது ஆறு வயது, உள்ளே இருந்தாள். எனக்கு இரண்டு வருடம் கிடைத்தது. எழுத்தைக் கற்றதும் அங்கேதான். வெளியே வந்தபோது வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். நான் தேடவில்லை. தேடும் உரிமை எனக்கு இல்லை என்ற அளவுக்காவது தெரிந்திருந்தது.

டப்பாவை அப்போதே முதலாளியிடம் கொடுத்து, இதை என்னால் செய்ய முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். முதலாளிக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இன்னொன்று பாக்கி. நாலு வருடமாக அவர் பல் அடுக்கவில்லை. அடுக்குகிற ஆள் நான் ஒருவன்தான். சீக்கிரம் தேவை என்று வேறு எழுதியிருந்தது. இதெல்லாம் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பல் அட்டையை எடுத்தேன். முன்பல் ஆறும் ஒரு மெழுகுப் பட்டையில் வரிசையாக ஒட்டியிருக்கும். மெழுகுக் கட்டையில் ஒரு கோரைக்கோட்டிலிருந்து மறு கோரைக்கோடு வரை அளந்து, அந்த அகலத்துக்கு ஏற்ற அட்டையைத் தேட வேண்டும். முகம் சதுரமானால் சதுரப் பல், நீள முகத்துக்கு நீளப் பல், பெண்ணுக்கு ஓரம் மழுங்கியது. நாங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, டாக்டர் சொல்வதுதான். இந்தத் தடவை எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நிறத்துக்குக் கொஞ்சம் மஞ்சள் ஓடியதை எடுத்தேன். ஐம்பது தாண்டியவர் வாயில் பால் வெள்ளையை வைத்தால் கடன் வாங்கி மாட்டியது போல இருக்கும்.

அண்ணத்து மேட்டுக்கு மேலே ஈயத்தாளை வெட்டி ஒட்டினேன். அங்கே இடம் விடாவிட்டால் செட் அதன்மேல் ஆடும், புண்ணாகும். ஸ்பிரிட் விளக்கில் கத்தியைக் காய்ச்சி, மெழுகை வெட்டி, நடுப்பல் இரண்டையும் வைத்தேன். பள்ளத்தின்மேல் பல்லை உள்ளே தள்ளி வைத்தால் உதடு குழிந்து போகும். அதனால் முன்னால் கொண்டுவந்து, பின்னால் மெழுகு கொடுத்தேன். மெழுகு ஆறுகிறவரை பல்லைப் பிடித்திருக்க வேண்டும். பிடித்திருந்தேன்.

நடுப்பல் இரண்டுக்கும் இடையில் ஒரு நகம் நுழைகிற அளவு சந்து விட்டேன்.

சீட்டில் அது இல்லை. அவளுக்கு இருந்தது. அந்தச் சந்து வழியாகத்தான் அவள் சீட்டியடிப்பாள்.

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். "சந்து யாரய்யா கேட்டா?"

"இயற்கையா இருக்கட்டும்னு விட்டேன்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா சீட்டுல இல்லாதத செய்யாத. மெழுகுதானே, பாத்துட்டு வேணாம்னா மூடிக்கலாம்."

அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்துதான் செய்தேன் என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். செய்தது யார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் செய்தேன். இழந்ததை அப்படியே திருப்பிக் கொடுத்தவன் என்று ஒரு நிமிடமாவது நினைப்பாள் என்று ஆசைப்பட்டேன்.

மறுநாள் காலை மெழுகு செட் மேலே போனது. மெழுகு செட்டை வாயில் வைத்துக் கண்ணாடி காட்டுவார்கள், எழுபதிலிருந்து எண்பது வரை எண்ணச் சொல்வார்கள். பல்லும் உதடும் நாக்கும் சரியாகச் சேருகின்றனவா என்பது எண்ணும்போது தெரிந்துவிடும். படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்தால் மேலே பேசுவது கேட்கும்.

"எழுபது" என்று கேட்டது. "எழுபத்தொண்ணு." குரல் தடித்திருந்தது. அதற்குப் பிறகு எண்ணும் சத்தம் வரவில்லை. டாக்டர் ஏதோ கேட்டார். தட்டில் செட்டை வைக்கிற சத்தம் மட்டும் வந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் டப்பாவோடு இறங்கி வந்தாள். முப்பது வயது இருக்கும். நெற்றி அவள் அம்மாவுடையது.

"இத அடுக்கினது யாருங்க?"

குக்கர் என்னைக் காட்டினான். "அண்ணன்தான். சந்து வேணாம்னா சொல்லும்மா, அஞ்சு நிமிஷ வேலை."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஐயா, எங்கம்மா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. இந்தச் சந்த யார் சொல்லி வெச்சீங்க?"

"யாரும் சொல்லலம்மா. சும்மா..."

"சும்மா எப்படி வரும்? கண்ணாடியப் பாத்ததும் எங்கம்மா செட்டைக் கழட்டித் தட்டுல வெச்சுட்டாங்க. முன்னாடி இருந்த அதே பல்லுங்கறாங்க. எனக்கே தெரியாதுங்க அவங்களுக்குச் சந்து இருந்துச்சுன்னு. எங்க வீட்ல ஒரு போட்டோகூட இல்ல. நான் பாத்ததெல்லாம் உடைஞ்ச பல்லத்தான். சிரிச்சா கையால வாயை மூடிக்குவாங்க. அது அவங்களோட ஒரு பழக்கம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்." பேசிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவள் பேச்சை நிறுத்தினாள். பிறகு என் கையைப் பார்த்தாள். வலது கையை. நான் அதை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன்.

மகளுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

குக்கர் வாயைத் திறந்தான். முதலாளி அவன் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"மிச்சப் பல்லையும் எடுத்ததுலேருந்து நாலு மாசமா அரைச்சுக் குடிச்சுக்கிட்டிருக்காங்க" என்றாள் அவள். இப்போது என்னிடம் அல்ல, முதலாளியிடம். "எட்டு கிலோ இறங்கிட்டாங்க. பல்லு வந்தா சரியாயிடும்னு நாளை எண்ணிக்கிட்டிருந்தாங்க. இப்ப வேணாங்கறாங்க. பொக்கை வாயோடயே செத்துப்போறேன், அந்தக் கை பட்டதா இருந்தா என் வாய்க்குள்ள வரக்கூடாதுங்கறாங்க. நான் என்னங்க பண்ண?"

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. "அம்மாகிட்ட சொல்லும்மா. புதுசா நான் அடுக்குறேன். வேற பல்லு, வேற மெழுகு. இவன் தொட மாட்டான்."

அவள் மேலே போய்த் திரும்பி வந்தாள். "சரிங்கறாங்க. ஆனா அவங்க வர்ற நாள்ல அவரு இந்தக் கட்டடத்துல இருக்கக் கூடாது."

அவர் என்றாள். வேறு எப்படியும் சொல்லியிருக்கலாம்.

செட்டை வெந்நீரில் போட்டேன். மெழுகு உருகிப் பல் ஒவ்வொன்றாகக் கழன்று அடியில் விழுந்தது. வாய்க்குள் போய்வந்த பல் அட்டைக்குத் திரும்பாது. உடைசல் டின்னில் கொட்டினேன்.

அன்று மதியத்திலிருந்து முதலாளி அடுக்கினார். விளக்கை மிக அருகில் இழுத்து வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்தார். ஈயத்தாளைக்கூடப் புதிதாக வெட்டினார். பல் இரண்டு முறை கைதவறி விழுந்தது. நான் ஒரு முழம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"பள்ளத்துக்கு எவ்வளவு முன்னால கொண்டாந்த?"

"இன்னும் கொஞ்சம். அரிசி பருமன். போதும்."

"வலது கோரை?"

"திரும்பியிருக்கு. உள்பக்கமா லேசா. ம்."

"எதுக்குய்யா பூட்ட எடுத்த?" என்றார் பல்லைப் பார்த்தபடியே. இருபது வருடத்தில் அவர் இதைக் கேட்டதில்லை. அடிதடிக் கேஸ் என்று மட்டும் தெரிந்து சேர்த்துக்கொண்டவருக்குப் பூட்டு வரைக்கும் மகள் சொல்லியிருக்க வேண்டும்.

"போயிடுவான்னு."

"போயிட்டால்ல."

அவர் நடுப்பல் இரண்டையும் ஒட்டவைத்து, மெழுகை ஊதினார். சந்து இல்லை. சாதாரண வரிசை. சீட்டில் இருந்தபடி.

அவள் வந்த இரண்டு நாளும் நான் வேலைக்குப் போகவில்லை. அறையிலேயே இருந்தேன். முதல் நாள் மெழுகு சரி என்று சொல்லிவிட்டாளாம். குக்கர் வேகவைத்தான். வெந்த பிறகு மாற்ற முடியாது. இரண்டாம் நாள் போட்டு அனுப்பினார்கள்.

அடுத்த நாள் போனபோது குக்கர் பழைய குக்கராக இருக்கப் பார்த்தான். எதையோ சொல்லிக்கொண்டே இருந்தான். அந்த மகளோடு எனக்கு என்ன என்பது அவனுக்குச் சரியாகப் புரியவில்லை. யாரும் சொல்லவுமில்லை. ஏதோ பழைய சொந்தக்காரச் சண்டை என்று நினைத்திருந்தான்.

"அந்தம்மா நல்லா சாப்பிடுதுண்ணே. டாக்டர் ஒரு பிஸ்கட் குடுத்தாரு, மொறுமொறுன்னு கடிச்சிருச்சு. முதலாளி கண்ணுக்கு அது பெரிய விஷயம்தான். ஒரு பல்லு கூட கோணல் இல்ல."

"நல்லது."

"ஒண்ணுதான் புரியல. வரிசையா இருபத்தெட்டு பல்லு வெச்சு அனுப்புறோம், அப்பவும் கையால வாயை மூடிக்கிட்டேதான் பேசுது, சிரிக்குது. கண்ணாடி காட்டும்போதுகூட கையை எடுக்கல. டாக்டர்தான் கையைப் பிடிச்சு எறக்கினாரு. எறக்கினதும் மறுபடி ஏறிருச்சு. எத்தன நாள் பழக்கமோ!"

"இருபத்துநாலு வருஷம்" என்றேன்.

மேலேயிருந்து புது டப்பா இறங்கியது. அச்சை எடுத்தேன். கட்டைவிரலை ஈறுமேல் வைக்க அன்று வெகுநேரம் ஆனது.