எல்லோருக்கும் தெரிந்த சாவு

வாசல் பலகையில் 'ஆராய்ச்சி உதவி மையம்' என்று இருந்தாலும் அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் அதைக் கீழ்த்தளம் என்றுதான் சொல்வார்கள். பெரிய டாக்டர்கள் மேலே உட்கார்ந்து புது மருந்து வேலை செய்கிறதா என்று ஆராய்வார்கள். அதற்கு வேண்டிய மற்ற எல்லாமே கீழ்த்தளத்தின் தலையில். ரத்தக் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டுவது, ஒப்புதல் படிவத்தை மனிதருக்குப் புரிகிற மாதிரி திருப்பி எழுதுவது, ஃப்ரீசர் மக்கர் பண்ணினால் ஓடுவது, ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு மாதாமாதம் போன் போட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது. ஆய்வு நல்லபடியாக முடிந்தால் மேலே கேக் வெட்டுவார்கள். கீழே ஆட்கள் இருப்பது யாருக்காவது ஞாபகம் வந்தால் மிச்சம் வரும்.

போன் போடுகிற அறையில் இருந்தவர்களில் ஒருத்திக்கு 'ரேடியோ' என்று பெயர். எழுதிக் கொடுத்த கேள்வியை ஓர் எழுத்து பிசகாமல், செய்தி வாசிக்கிற குரலில் வாசிப்பாள். அந்த வேலைக்கு அதுதான் சட்டம். எதிர்முனையில் இருப்பவர் "மூச்சு முட்டுதும்மா" என்றால் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிடக் கூடாது. பாவம் பார்த்தால் அடுத்த பதிலை அவர் நமக்காக மாற்றிச் சொல்வார், ஆராய்ச்சி கெட்டுப்போகும். பக்கத்து நாற்காலிக்காரன் 'மைக்செட்'டுக்கு இந்த வித்தை வராது. நான்கு அறைக்குக் கேட்கிற தொண்டையில் யாரோடு பேசினாலும் சொந்தக்காரன் ஆகிவிடுவான். அதற்காகவே அடிக்கடி வாங்கிக் கட்டிக்கொள்வான்.

புருஷன் இறந்த பிறகு ரேடியோ இன்னும் நன்றாக வாசித்தாள். உள்ளே ஒன்றும் அசையாதபோது குரல் எப்படி அசையும்? திரும்பி வந்த முதல் நாளே மேற்பார்வை பார்க்கும் பெரியக்கா, "என்ன தைரியம் பாரு இவளுக்கு, எப்படித் தாங்கிக்கிட்டா" என்றாள். தாங்குவதற்குப் பாரம் தெரிய வேண்டாமா? பல் பிடுங்குவதற்குப் போட்ட ஊசியின் மரப்பு இறங்காமலே நின்றுவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. தொட்டால் கன்னம் இருந்தது, தன்னுடையது என்றுதான் தெரியவில்லை.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரைப் படியேறாமல் பார்த்துக்கொண்டவனுக்கு, கடைசியில் தன் வீட்டு மாடிப்படியே மலையாகிவிட்டது. இதயம் பலவீனம் என்றார்கள். மேல் தளத்தில் அதற்கொரு புது மாத்திரை ஆய்வில் இருந்தது. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது, விழுங்குகிறவருக்கும் தெரியாது. "நம்ம ஆபீஸ்தானே, நான் பாத்துக்கறேன்" என்று அவள்தான் அவனை இழுத்துக்கொண்டு போனாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. அவன் அப்பாதான், "எலிக்குக் குடுக்கறத நம்ம பையனுக்கா குடுக்கறது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அப்புறம் கேட்கவில்லை.

அந்த மாமனாரும் அவளும்தான் இப்போது வீட்டில். அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். கூட்டத்தில் நீந்தி நீந்தி, தேவையான வார்த்தையை மட்டும் பேசப் பழகியவர். மகன் தூக்கத்திலேயே போன நாளிலிருந்து அதுவும் குறைந்துவிட்டது. "சாவி", "தண்ணி வந்துருச்சு", "லைட்ட அணச்சிரு", அவ்வளவுதான். அவள் சமைப்பாள், அவர் தட்டைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவளால்தான் மகன் போனான் என்று நினைக்கிறாரோ? இந்தக் கேள்வி ஒன்றுதான் அவளுக்குள் மரத்துப்போகாமல் கிடந்தது. காலையில் கண் திறக்கும் முன்னே அது எழுந்து உட்கார்ந்திருக்கும். வாய்விட்டுக் கேட்கிற துணிச்சல் அவளுக்கு இல்லை.

அன்று காலை கம்ப்யூட்டர் தன் போக்கில் அடுத்த எண்ணை அழைத்தது. திரையில் பேர் வராது, போன் நம்பரும் வராது. ஆய்வின் பேரும் சேர்ந்தவரின் அடையாள எண்ணும் மட்டும்தான். இதய ஆய்வு. மணி அடித்தது. எடுத்தார்கள்.

"வணக்கம். ஆராய்ச்சி உதவி மையத்திலிருந்து பேசுகிறேன். ஆய்வில் சேர்ந்திருப்பவருடன் பேசலாமா?"

"அவன் இல்லம்மா. லிஃப்ட் நின்னுருச்சுன்னா வேற ஆள் நம்பர் தர்றேன், எழுதிக்கிறீங்களா?"

மாமனாரின் குரல். மகனின் போனை அவர் சார்ஜ் போட்டு வைத்திருப்பதும், எங்கேயாவது லிஃப்டில் மாட்டிக்கொண்டு கூப்பிடுகிறவர்களுக்கு வேறு மெக்கானிக்கைச் சொல்லி அனுப்புவதும் அவளுக்குத் தெரியும். இறந்தவனின் எண்ணைக் கம்ப்யூட்டர் ஏன் அழைத்தது என்பதுதான் தெரியவில்லை.

தெரிந்தவர்கள் எடுத்தால் அழைப்பை உடனே பக்கத்தில் இருப்பவருக்கு மாற்றிவிட வேண்டும். அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. விரல் அதன் மேல்தான் இருந்தது. ஆனால் மாமனார் இவ்வளவு நீளமாக ஒரு வாக்கியம் பேசி அவள் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. விரலை எடுத்துவிட்டாள். அவருக்கு அவள் குரல் பிடிபடவில்லை. வீட்டில் அவள் முணுமுணுப்பதையும் இந்தச் செய்தி வாசிப்பையும் முடிச்சுப்போட அவருக்கு வழியில்லை.

"லிஃப்டுக்காக இல்லைங்க ஐயா. இதய மாத்திரை ஆய்வு."

"அவன் போயிட்டாம்மா. உங்களுக்குத் தெரியாதா?"

இதற்கும் எழுதி வைத்த வாசகம் இருந்தது. அவள் அதை வாசித்தாள். "உங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறோம். சில கேள்விகள் கேட்க உங்கள் அனுமதி உண்டா?"

"கேளுங்க."

"கடைசி வாரத்தில், ஒரு மாடி ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியதா?"

"நடுவுல உக்காந்துருவான். படியில ஏதோ ரிப்பேர் பாக்கற மாதிரி கைப்பிடியத் தட்டிப் பாத்துக்கிட்டு இருப்பான். நாங்க நம்பணுமாம்."

இது அவளுக்குத் தெரியாது. அவன் உண்மையிலேயே கைப்பிடியைப் பார்க்கிறான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். 'ஆம்' என்ற கட்டத்தைத் தொட்டாள்.

"மாத்திரையைத் தவறாமல் எடுத்துக்கொண்டாரா?"

"மருமக எடுத்துக் குடுப்பா. அதுல குத்தம் சொல்ல முடியாது. நான் ஒண்ணு கேக்கலாமா? அவனுக்குக் குடுத்தது மருந்தா, வெறும் மாத்திரையா?"

"ஆய்வு முடியும்வரை அந்தத் தகவல் எங்களுக்கும் தெரியாதுங்க ஐயா."

"அவளும் இதத்தான் சொல்லுவா. அதனாலதான் அவகிட்ட கேக்கல."

அத்தோடு கேள்விகள் முடிந்துவிட்டன. நன்றி சொல்லி வைக்க வேண்டியதுதான். அவள் வைக்கவில்லை. எழுதிக் கொடுக்காத கேள்வியை அந்த அறையில் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்கும்போதும் செய்தி வாசிக்கிற குரல்தான் வந்தது.

"மருமகள் மீது உங்களுக்குக் கோபம் உண்டா?"

"இது எதுக்கும்மா உங்களுக்கு?"

"கேட்க வேண்டியிருக்குங்க ஐயா."

பக்கத்தில் மைக்செட் யாரிடமோ, "தூக்கம் நல்லா வருதா பெரியப்பா?" என்று கத்திக்கொண்டிருந்தான். அவள் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கு," என்றார். "யார் மேலயாவது இருக்கணும்ல? டாக்டர் முகத்த நான் பாத்ததுகூட இல்ல. வீட்ல அவ மட்டும்தானே இருக்கா. அவதான் கூட்டிட்டுப் போனா. சரி, நல்லதுக்குத்தான் கூட்டிட்டுப் போனா, அது புரியாம இல்ல. ஆனா ஒரு சொட்டுக் கண்ணீர் விடலம்மா அவ. தூக்கிட்டுப் போகும்போதும் விடல. வேலைக்குக் கெளம்பிப் போறா, வர்றா, பாத்திரம் கழுவுறா. அத நெனச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது. போதுமா, எழுதிக்கிட்டீங்களா?"

"நன்றி. உங்கள் நேரத்துக்கு மிகவும் நன்றி," என்று வாசித்துவிட்டு வைத்தாள்.

தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. வலிக்கும் என்று காத்திருந்தாள். வலிக்கவில்லை. எங்கோ தூரத்தில் யாரையோ அடித்த மாதிரி இருந்தது. எழுந்து போய்ப் பெரியக்காவிடம் நடந்ததைச் சொன்னாள், கூடுதலாகக் கேட்ட கேள்வி உட்பட.

பெரியக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "அது எப்படி? நாங்க எல்லாருமே சாவுக்கு வந்திருந்தோமே!"

அதுதான் விஷயம். மொத்த ஆஸ்பத்திரியும் வந்திருந்தது. மேல் தளத்து நர்ஸ் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்பின் தெரியாதவர் இறந்திருந்தால் யாராவது உடனே ஆய்வில் பதிவு செய்திருப்பார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த சாவு. பெரியக்கா சொல்லியிருப்பாள் என்று நர்ஸ் விட்டுவிட்டாள். நர்ஸ் பதிந்திருப்பாள் என்று பெரியக்கா விட்டுவிட்டாள். புருஷன் ஆய்வில் இருந்தவரை இவளை இதய ஆய்வின் அழைப்புகளிலிருந்து விலக்கி வைத்திருந்த பெரியக்காவே, அவன்தான் இல்லையே என்று திரும்பச் சேர்த்தும் விட்டாள். அவன் மேல் போட்ட மாலைக்குக் கணக்கில்லை, ஆய்வில் மட்டும் அவன் உயிரோடு இருந்தான். மெத்தப் படித்தவர்கள் கூடிச் செய்கிற பிழை இப்படித்தான் இருக்கும்.

"உன் மேல நடவடிக்கை எடுக்கணும்னு சட்டம்," என்றாள் பெரியக்கா. "அப்படின்னா முதல்ல என் மேல எடுக்கணும். அது கெடக்கட்டும். ஆனா நீ எடுத்த பதில் செல்லாது. சொந்தக்காரங்க கேட்டது கணக்குல வராது. நாளைக்கு மைக்செட் திரும்பப் போன் பண்ணி, முதல்லேர்ந்து எல்லாத்தையும் கேக்கணும்."

"எல்லாத்தையுமா?"

"எழுதிக் குடுத்தத மட்டும்."

சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாளைக்கு இன்னொருவன் போன் செய்து, மூச்சு வாங்கியதா என்று மறுபடி கேட்பான். மனிதர் மறுபடியும் மகனைப் படியில் உட்கார்த்தி வைத்துச் சொல்ல வேண்டும். ஏன் இரண்டு தடவை என்று கேட்டால் மைக்செட் உளறிவிடுவான். அதற்கு முன் தன் வாயால் சொல்லிவிடுவதுதான் நியாயம். சொன்னால் இருக்கிற "சாவி", "தண்ணி"யும் போய்விடும் என்று பட்டது. போனால் போகட்டும்.

வீட்டில் மாமனார் அடுக்களை மேஜையில் உட்கார்ந்து மின்விசிறியின் ரெகுலேட்டரைக் கழற்றிப் பிரித்து வைத்திருந்தார். அவள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"உங்க ஆபீஸ்லேர்ந்து இன்னிக்கு ஒரு பொண்ணு பேசிச்சு."

"என்ன கேட்டாங்க மாமா?"

"என்னென்னமோ. மருமக மேல கோவமான்னுகூடக் கேட்டுச்சு." ஸ்க்ரூ ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன்."

இவ்வளவு நாள் வாய் திறக்காத மனிதர், திறந்ததும் அவளுக்காக ஒரு பொய் சொல்கிறார். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் அவள். பேசாமல் இருந்துவிட்டால் வீடு நாளையிலிருந்து கொஞ்சம் இலகுவாகும். அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

"அந்தப் பொண்ணு நான்தான் மாமா," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். யாரும் பதியாமல் போனது, பொத்தானை அழுத்தாமல் விட்டது, நாளைக்கு வரப்போகிற போன், எல்லாம். குரலை என்ன செய்தும் மாற்ற முடியவில்லை. அதே ரேடியோ.

"அப்போ எல்லாத்தையும் கேட்டுட்ட."

"கேட்டுட்டேன் மாமா."

அவர் ஸ்க்ரூவை மேஜையில் வைத்தார். அது உருண்டது, பிடித்து மறுபடி வைத்தார். "காலையில சொன்னது நெசம்தான். இல்லன்னு இப்ப மழுப்ப மாட்டேன். இப்ப சொன்னது, அப்படி ஆயிட்டா நல்லாருக்குமேன்னு சொன்னது."

"அழணும்னுதான் இருக்கு மாமா," என்றாள் அவள். "பாத்ரூம்ல போய் நின்னுகூடப் பாத்தேன். வரல. எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல."

அவர் ரெகுலேட்டரின் துண்டுகளைக் கையால் ஒரு பக்கமாகத் தள்ளினார். எதிரில் இருந்த நாற்காலியைக் காலாலேயே அவள் பக்கம் நகர்த்திவிட்டார்.

"எனக்கு மட்டும் வந்துச்சா என்ன?" என்றார்.