உப்பளச் சங்கத்தின் முதல் எழுத்து

தட்சணாமூர்த்திக்கு நல்ல கையெழுத்து. அதைத் தவிர வேறு தகுதி ஒன்றும் தனக்கில்லை என்பதை, யாரும் கேட்காமலே அவர் ஒப்புக்கொள்வார். அந்தக் கையெழுத்துக்காகத்தான் அவரை மரக்காணம் உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். சங்கம் என்னவோ இன்னும் பிறக்கவில்லை.

சுனாமியில் கடல் ஊருக்குள்ளே வந்துபோய் ஆறு மாதம் ஆகியிருந்தது. உப்பளத்தில் ஒரு குடிதண்ணீர்க் குழாயும், நிழலுக்கு ஒரு கொட்டகையும் கேட்டுப் போனவர்களிடம் தாலுகா ஆபீசில், "சங்கமா பதிவு பண்ணிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். ஏழு பேர் கையெழுத்து வேண்டும். குழாய் கேட்பவர்களின் பட்டியல் நாளையோடு முடிகிறது. பதிவு அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம்.

மூன்று நாள் உட்கார்ந்து அவர் விதிகளை எழுதியிருந்தார். சாதி, மதம், கட்சி எதற்கும் சங்கத்தில் இடமில்லை என்பது முதல் விதி. அதற்கு மேலே, சங்கத்தின் பெயரை எல்லாம் முடிந்தபின் பெரிதாக எழுத விட்டுவைத்த இடத்தில், கைப்பழக்கமாக ஒரு பிள்ளையார் சுழி.

அவரையும் சேர்த்து ஐந்து பேர் அதைக் கவனிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஆறாவதாக டீக்கடைக்கு வந்த சிவஞானத்துக்குப் பெயரில் சிவன் இருந்தாலும் சட்டை கறுப்பு. தாளைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

"ஏம்பா, மேல சாமியைக் குந்த வெச்சிட்டு கீழ மதத்துக்கு இடமில்லன்னு எழுதியிருக்கியே? டெல்லியில அரசியல் சட்டம் எழுதறப்ப, முதல் வரியில கடவுள் பேரைப் போடலாமான்னு ஓட்டெடுத்தாங்க தெரியுமா? கடவுள் தோத்துட்டாரு."

"டெபாசிட் கிடைச்சுதா?" என்றாள் ஏழாவது ஆளான குப்பம்மாள். பெஞ்சில் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அது கிடைச்சுது."

"அப்புறம் என்ன? சுழியை எடுத்தா நான் கைநாட்டு வெக்க மாட்டேன்."

"குப்பம்மாக்கா, நீயுமா? சாமியை மனசுல வெச்சுக்கக் கூடாதா?"

"சாமிக்கு இல்ல தட்சணா. போன தடவை ஒருத்தன் தாளை நீட்டினான், கைநாட்டு வெச்சேன். எங்க மனைக்கட்டு போயிடுச்சு. நீ இதுல என்னென்ன எழுதியிருக்கேன்னு எனக்குத் தெரியாது. அந்தச் சுழி ஒண்ணுதான் எனக்குப் படிக்கத் தெரியும்."

தட்சணாமூர்த்தி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி எழுதலாமென்றால், கையெழுத்துப் போட்டவர்களில் மூன்று பேர் உப்புப் பாத்திக்குத் திரும்பிவிட்டார்கள்.

முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த அந்தோணியம்மாள் கிளாஸைக் கீழே வைத்தாள். "அது சுழியாண்ணே? நீங்க உப்புன்னு எழுத ஆரம்பிச்சு, பாதியில டீ குடிக்க வந்துட்டீங்கன்னு இல்ல நெனச்சேன்!"

தட்சணாமூர்த்தி சிவஞானத்தின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார். சுழியை ஒட்டி, 'ப்பளத் தொழிலாளர் சங்கம், மரக்காணம்' என்று தன் வாழ்நாளின் மிக அழகான எழுத்தில் எழுதி முடித்தார்.

சிவஞானம் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "உப்பு. ஆட்சேபணை இல்ல" என்று கையெழுத்துப் போட்டார்.

தாள் குப்பம்மாளிடம் போனது. அவள் விரலை மையில் தொட்டாள், நிறுத்தினாள்.

"ஏம்பா, சுழிக்குப் பின்னால வால் மாதிரி என்னமோ கட்டிவிட்டிருக்கியே?"

பஸ் ஹாரன் கேட்டது. அலங்காரம் என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பொய்யைச் சிரித்துக்கொண்டே சொன்னவர்தான். இந்த ஒன்றை மட்டும் சொல்ல வரவில்லை.

"இப்ப அது சுழி இல்லக்கா. உப்புங்கறதுல முதல் எழுத்து. சுழிக்கும் உப்புக்கும் அதே எழுத்துதான்."

குப்பம்மாள் தாளைக் கண்ணருகே இழுத்தாள். பஸ் வந்து நின்றது.

"அடப்பாவி, என் புள்ளையாரையும் உப்பு சுமக்க வெச்சிட்டியா!" சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது. "சுமக்கட்டும். நாங்க மட்டும்தான் வெயில்ல காயணுமா?"

கட்டைவிரலை அழுத்தி வைத்தாள்.

"வேலைக்கு வரட்டும், வேணாங்கல" என்றார் சிவஞானம், பஸ்ஸை நோக்கி ஓடுகிற தட்சணாமூர்த்தியின் முதுகைப் பார்த்து. "உறுப்பினர் பட்டியல்ல பேரைச் சேர்த்துடாதே!"