வெண்டெல் தலைமேல் இருந்த ஐந்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழு ஜூன் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்று இருபதுக்கு, ப்ளம் ஹாலோ பேஸ்பால் அணியின் பதினாறு பேருக்கும் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் ஆறு ஆறு எண்கள் தோன்றின. வெளிர் நீல நிறம். தொப்பியைக் கழற்றினாலும் போகவில்லை, குனிந்தால் கூடவே குனிந்தன. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பலம், கால், கை, கண், நெஞ்சு, அதிர்ஷ்டம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. யார் வேலை என்று ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஏழு என்ற எண்ணின் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு இருந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் அந்த மூலையில் ஏழை அப்படி எழுதுகிறவர் ஆர்வில் டெஷ் ஒருவர்தான்.

ஆர்வில் சீஸ் தொழிற்சாலையில் பாலின் கொழுப்பை அளப்பவர். பதினெட்டு வருடமாக அதே நாற்காலி. விவசாயிகள் தங்கள் மாட்டின் கொம்பழகையும் நடையழகையும் சொல்லி உருகுவார்கள். இவர் கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மூணு புள்ளி நாலு" என்பார், அவ்வளவுதான். மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தார். ஊர் அணியின் ஆட்டம் ஒன்று விடாமல் பதினொரு வருடம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, யார் எந்தப் பந்தில் என்ன செய்தான் என்று நோட்டு நோட்டாக எழுதி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிட்டு முடித்ததும் லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, தாமே உருவாக்கிய நிலவறை ஆட்டம் ஆடுவார். ஆளுக்கொரு வீரன், வீரனுக்கு ஆறு குணம், குணம் ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடை உருட்டி வருகிற கூட்டுத்தொகை. குறைந்தது மூன்று, கூடினால் பதினெட்டு. விழுந்தது விழுந்ததுதான், மறுபடி உருட்டக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பாதிரியார் லிண்ட்குவிஸ்ட்டின் மந்திரவாதிக்குப் புத்தி ஆறு என்று விழுந்தபோது அவர் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. ஆர்வில் அசையவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முழுக்கக் கல்நெஞ்சைப் பற்றியே இருந்தது.

அந்த வருடம் பனி ஏப்ரல்வரை கிடந்தது. சும்மா இருக்க முடியாமல் ஆர்வில், ஊர் அணியே நிலவறைக்குள் இறங்கிப் பூதங்களோடு மோதினால் எப்படி இருக்கும் என்று ஒரு புது ஆட்டம் தயாரிக்க ஆரம்பித்தார். ஆளுக்கொரு தாள். எண்களைப் பகடையால் போடாமல் தம் நோட்டுகளிலிருந்து கணக்கிட்டு எடுத்தார். ஒரே ஒரு இடத்தில்தான் இடறினார். மே மாதக் கடைசியில் அயோவாவிலிருந்து வந்து சேர்ந்த வெண்டெல் ப்ரூசக்கைப் பற்றி அவரிடம் நான்கு ஆட்டக் குறிப்புதான் இருந்தது. நல்ல பந்து எது, கெட்ட பந்து எது என்று பிரித்துப் பார்க்கும் 'கண்' என்ற கட்டத்தை நிரப்ப அது போதவில்லை. காலிக் கட்டம் அவர் கண்ணை உறுத்தியது. பழக்க தோஷம், மூன்று பகடையை எடுத்து உருட்டினார். இரண்டு பகடையில் ஒன்று ஒன்று, மூன்றாவதில் மூன்று. ஐந்து என்று மையால் எழுதினார். மறுநாள் மதியம் அது வெண்டெலின் தலைமேல் வந்து நின்றது.

ஊர் இரண்டு நாள் கூச்சலிட்டது, மூன்றாம் நாள் பழகிக்கொண்டது. நடுவர் விதிப்புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்தார். தலைமேல் எண் இருக்கக் கூடாது என்று எங்கும் போடவில்லை, ஆடலாம் என்றார். நாவிதர் எண்களுக்கு அடியில் கையை விட்டு முடி வெட்டக் கற்றுக்கொண்டார். எதிரணிகளுக்குத்தான் கொண்டாட்டம். வெண்டெல் மட்டையோடு வந்து நின்றால் பந்து வீசுகிறவன் அந்த ஐந்தைப் பார்த்து இளிப்பான். குருட்டுப் பயல், எதைப் போட்டாலும் மட்டையை வீசுவான் என்று தரையில் போடுவான், தொப்பிக்கு மேலே போடுவான். வெண்டெல் மட்டையை அசைக்கவே மாட்டார். அப்படி நான்கு கெட்ட பந்து போனால் மட்டைக்காரர் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். வெண்டெல் நடந்துகொண்டே இருந்தார்.

ஆனால் அணியின் பயிற்சியாளர் கஸ் ஹால்வர்சன் நடையைக் கணக்கில் சேர்க்கிற ஆள் இல்லை. அவருக்கு அடித்தால்தான் ஆட்டம். ஆயிரத்துக்கு இருநூற்றுப் பதினொன்று என்றிருந்த வெண்டெலின் அடி விகிதத்தையும் தலைமேல் இருந்த ஐந்தையும் பார்த்தார். சனிக்கிழமை ஆட்டத்தோடு ஆளை அனுப்பிவிடுவது என்று முடிவெடுத்தார். ப்ளம் ஹாலோவில் அணியில் இடம் போனால் பட்டாணி டப்பா தொழிற்சாலை வேலை போகும், தீவனக் கடை மாடியில் கொடுத்த வீடும் போகும். வெண்டெலின் மனைவி நடீனுக்கு அப்போது ஏழு மாதம்.

ஜூலை இருபத்தெட்டாம் தேதி வியாழக்கிழமை சேதி ஆர்வில் காதுக்கு வந்தது. சாப்பாட்டு நேரத்தில் நோட்டைப் பிரித்தார். முப்பத்தொரு ஆட்டத்தில் நாற்பத்துநான்கு நடை. நூறு தடவை மட்டை பிடித்தால் நாற்பத்தாறு தடவை தளத்துக்குப் போய்விடுகிறான். அணியில் அவனுக்கு அடுத்தவன் முப்பத்தேழுதான். இவன் கண் ஐந்து இல்லை, பதினேழு. ஆர்விலுக்கு முகம் எரிந்தது. ஒரு குடும்பத்தின் தலையில் மண்ணை அள்ளிப் போட்டது தம் கைப் பகடை என்று புரிந்தபோது கையில் இருந்த ரொட்டியை வைத்துவிட்டு எழுந்தார். தாளையும் மையைச் சுரண்ட ஒரு பிளேடையும் எடுத்துக்கொண்டு தீவனக் கடை மாடிக்கு ஏறினார். இதோ இப்போதே பதினேழாக்கிவிடுகிறேன், சட்டமாவது மண்ணாவது என்றார்.

வெண்டெல் பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன், அந்த அஞ்சத் தொடாதீங்க. அதப் பாத்துத்தான் அவனுங்க குப்பையா போடுறானுங்க. பதினேழுன்னு தெரிஞ்சா நல்ல பந்தா போடுவானுங்க. நல்ல பந்த நான் எங்கண்ணே அடிச்சேன்? எனக்கு அடிக்க வராது, நிக்கத்தான் வரும்."

"அது பொய்டா. என் கையெழுத்துல ஒரு பொய் ஊர் ஊரா சுத்துது."

"பொய்யா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்ண்ணே, அதுதான் எங்களுக்குச் சோறு போடுது," என்றாள் நடீன். "நீங்க பேச வேண்டியது கோச்சுகிட்ட."

அன்று ஆர்வில் வீட்டுக்கு நடந்தே போனார், மோட்டார் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு. ஒரு புள்ளியில் கூடப் பிசகாத ஆள் என்று வாங்கிய பெயர் ஒன்றுதான் அவரிடம் இருந்தது. மனைவி மக்கள் இல்லை, சொத்து இல்லை. மறுநாள் காலை மைதானத்துச் சாமான் அறையில் கஸ் கோடு போடும் சுண்ணாம்பைக் கலந்துகொண்டிருந்தார். ஆர்வில் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"என்னது? உருட்டுனியா?"

"மூணு பகடை, கோச்."

கஸ் சிரித்த சிரிப்பில் சுண்ணாம்பு மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவி! எங்கப்பன் பாலுக்கு வருஷம் பூரா மூணு புள்ளி ரெண்டுன்னு போட்டியே, அதுவும் உருட்டுனதுதானா?"

"அது அளந்தது. இது ஒண்ணுதான் உருட்டுனது. அவன் நடைய எண்ணிப் பாருங்க கோச்."

"நடக்குறதெல்லாம் ஒரு ஆட்டமாய்யா? நம்ம பாதிரியாருகூடத்தான் நடக்குறாரு, அவர சேத்துக்கவா?"

"நடந்து போனாலும் ஓடிப் போனாலும் போய்ச் சேருற எடம் ஒண்ணுதானே," என்று ஆர்வில் நோட்டை நீட்டினார். கஸ் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். புரட்டப் புரட்டச் சிரிப்பு குறைந்தது. கடைசியில், சரி, நாளைக்கு அவனை முதல் ஆளாக இறக்குகிறேன், சரிப்படவில்லை என்றால் அவனும் போவான், நீ பகடை போட்டுப் பால் அளக்கிறவன் என்று ஊர் பூராவும் சொல்வேன், சம்மதமா என்றார். ஆர்வில் தலையாட்டினார்.

சனிக்கிழமை கோல்டர்வில் அணி வந்தது. வெண்டெல் மூன்று முறை வந்து மூன்று முறையும் நடந்தார். ஆனால் பின்னால் வந்தவர்கள் பந்தை அடித்து அவரை, ஓட்டம் கிடைக்கிற வீட்டுத் தளத்துக்குக் கொண்டுசேர்க்கவில்லை. கடைசிச் சுற்றில் ஆட்டம் மூன்றுக்கு மூன்று, மூன்று தளத்திலும் ப்ளம் ஹாலோ ஆட்கள், இன்னும் ஒருவர் அவுட்டானால் சுற்று முடிந்தது. வந்து நின்றது வெண்டெல். கோல்டர்வில் பையனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது போல. முதல் பந்தை நடு மார்புக்கு நேராகப் போட்டான். வெண்டெல் மட்டையை வீசினார், காற்றுதான் அடிபட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்று நல்ல பந்தைத் தவறவிட்டால் அவுட், இன்னும் ஒன்று அப்படிப் போட்டால் வேலையும் வீடும் தொலைந்தன. நடீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். ஆர்வில் பென்சிலைக் கடித்ததில் ஈயம் நாக்கில் பட்டது.

பையன் கையை உயர்த்தும் முன் ஒரு தடவை ஐந்தை நிமிர்ந்து பார்த்தான். வெயிலில் அது பளிச்சென்று இருந்தது. மூன்று தடவை தன் கண்ணால் பார்த்ததைவிட எழுதியிருப்பதை நம்பினான். பந்து தரையில் குத்தியது. அடுத்தது தோளுக்கு மேலே. மூன்றாவது முழங்காலுக்கு வெளியே. நான்காவது ஒரு கை அகலம் விலகிப் போனது. வெண்டெல் மரம் போல நின்றார். அவர் முதல் தளத்துக்கு நகர, தளங்களில் நின்றவர்கள் ஆளுக்கொரு தளம் முன்னே போக, மூன்றாம் தளத்தில் இருந்தவன் வீட்டுத் தளம் வந்து சேர, வெற்றி வந்துவிட்டது என்று ஜனங்களுக்கு உறைக்கவே சற்று நேரம் பிடித்தது. முதலில் கத்தியது கஸ்தான். "நடடா! நடடா என் ராசா! மெதுவாவே நட!"

பகடை விஷயம் அன்று மாலைக்குள் மதுக்கடைக்கு வந்துவிட்டது, கஸ்ஸுக்கு வாய் நிற்காது. விவசாயிகள் பத்துப் பேர் தங்கள் பாலைத் தலைநகருக்கு அனுப்பிச் சோதித்துப் பார்த்தார்கள். ஆர்வில் சொன்னதே வந்தது, புள்ளி பிசகவில்லை. அக்டோபரில் நடீனுக்குப் பெண் குழந்தை பிறந்தது, தலைமேல் ஒன்றும் இல்லாமல். வெண்டெல் ஆறு வருடம் அந்த அணியில் ஆடினார், ஒவ்வொரு வருடமும் நடையில் அவரே முதல். ஊரில் இரண்டாயிரத்து முந்நூறு பேர், ஒருவர் வாயிலிருந்தும் விஷயம் வெளியே போகவில்லை. அசலூர்க்காரர் யாராவது மதுக்கடையில் உட்கார்ந்து, அந்த ஐந்து நிஜம்தானா என்று நோண்டினால், எல்லாரும் மூலையில் சீட்டாடிக்கொண்டிருக்கும் ஆர்விலைக் கை காட்டிவிடுவார்கள், அவர் எண்ணில் பிசகே வராது என்பார்கள். முதல் வருடம் ஆர்விலுக்குக் காது சிவக்கும். அதற்கப்புறம் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் எழுதுனதுதான்," என்பார்.