ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்

கைப்பையைத் தோளில் மாட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு, "போயிட்டு வர்றேங்க" என்று சொல்லிவிட்டு அவள் வாசலில் இறங்கினாள். "பாத்துப் போம்மா, சாயந்தரம் நேரத்தோட வந்துடு" என்று அவள் புருஷன், பழைய பஸ் டிரைவர், கதவைப் பிடித்தபடி கையாட்டினார். தெருமுனைவரை நடந்து, மருந்துக்கடையைச் சுற்றிக்கொண்டு, பின்சந்து வழியாகத் திரும்பி, அதே வீட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனாள். ஆபீஸ் வந்துவிட்டது. பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் இருக்கிற வீடு, அவர்கள் இருவருக்கும் புரிந்தால் போதாதா?

வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில் போனில் புகார் கேட்கிற வேலை அவளுக்கு. தண்ணீர் இறங்கவில்லை, மோட்டார் கத்துகிறது, மெக்கானிக் வரவில்லை என்று பொழுதெல்லாம் யார் யாரோ திட்டுவார்கள். அவள் வருத்தம் தெரிவிப்பாள். கட்டட வாடகை கட்டுப்படியாகவில்லை என்று கம்பெனி ஆளுக்கொரு லேப்டாப்பைக் கொடுத்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியபோது, அவளைவிட டிரைவர்தான் சந்தோஷத்தில் குதித்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். விடிகாலை டூட்டி, ராத்திரி டூட்டி என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே தலை நரைத்துவிட்டது, இனிமேலாவது பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது அவர் கணக்கு.

கணக்கு எங்கே பலித்தது? ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையாக, லேப்டாப் முதலில் சாப்பாட்டு மேசையைப் பிடித்தது, பிறகு கட்டிலுக்கு வந்தது. வேலை முடிகிற நேரம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. ஒருநாள் சாப்பிடும்போது அவர் முட்டிவலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றாள் அவள். அவர் சிரிக்கத்தான் சிரித்தார். பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். ஒருநாளாவது ஸ்டியரிங்கைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தேனா?"

அவளுக்குச் சுருக்கென்றது. லேப்டாப்பை மூடினாள்.

மறுநாளே டிரைவர் சட்டம் போட்டுவிட்டார். சாமான் அறையை ஒழித்து மேசை நாற்காலி போட்டார். ஓய்வு பெற்ற அன்று டிப்போக்காரர்கள் விளையாட்டாகக் கொடுத்தனுப்பிய பழைய பஸ்ஸின் தகரப் பலகை ஒன்று பரண்மேல் கிடந்தது. 'ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்'. அதைத் துடைத்து, கூடத்திலிருந்து அந்த அறைக்குப் போகிற கதவில் மாட்டினார். காலையில் அவள் வாசல் வழியாகக் கிளம்பியதும், கூடத்துப் பக்கமிருந்து அந்தக் கதவைத் தாழ்போட்டுவிடுவார். அவள் தன் செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட வேண்டும்; புகார் அழைப்புகள் லேப்டாப்பில்தான் வரும். வேலை முடிந்ததும் பின்சந்து வழியாகச் சுற்றி வந்து மணியடித்தால், கையில் டீயோடு கதவைத் திறப்பார்.

"வா வா. பஸ்ல கூட்டமா?"

"நிக்க இடமில்லைங்க. ஒருத்தன் காலை மிதிச்சுட்டான்."

"எந்த டிரைவர்? பேரைச் சொல்லு, கேட்டுடறேன்."

அந்தச் சிரிப்புக்காகவே அவள் தெருவைச் சுற்றலாம். அதற்குப் பிறகு படுக்கிறவரை அவள் வீட்டில் இருந்தாள், முழுசாக இருந்தாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர்கள் சந்தோஷமாக இருந்த நாட்கள் எவை என்று கேட்டால், அந்தச் சில மாதங்களைத்தான் சொல்ல வேண்டும். ஒருமுறை குடிக்கத் தண்ணீர் தீர்ந்துபோய் உள்ளேயிருந்து கதவைத் தட்டினாள். "யாருங்க அது? வீட்டம்மா ஆபீஸ் போயிருக்காங்க. சாயந்தரமா வாங்க" என்றார் மனுஷன். திறக்கவே இல்லை. சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவளுக்கு.

அந்த நாளும் மற்ற நாள் மாதிரிதான் விடிந்தது. மத்தியானம் ஒரு பெரியவர் லைனில் வந்து, மூன்றாவது முறையாகப் பழுதான மெஷினுக்காக அவளைக் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தமும் டம்ளர் விழுகிற சத்தமும் கேட்டன. பெரியவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு எழுந்தாள். தட்டுவதற்குக் கையைக்கூட ஓங்கிவிட்டாள். தட்டினால் என்ன சொல்வார் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. சாயந்தரம் கேட்டுக்கொள்ளலாம் என்று திரும்பி வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பாவி, உட்கார்ந்தாள்.

சாயந்தரம் மருந்துக்கடையைச் சுற்றி வந்து பார்த்தால் வாசலில் பூட்டு தொங்கியது. பால் வாங்கப் போயிருப்பார் என்று படியில் உட்கார்ந்துகொண்டாள். 'ஆபீஸ்ல மாடா உழைச்சுட்டு வர்றவளை இப்படியா வாசல்ல உட்கார வைப்பீங்க' என்று சொல்வதற்கு வாயைத் தயாராகவே வைத்திருந்தாள். அப்போதுதான் ஆட்டோவிலிருந்து இறங்கினாள், மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த பெண். அவள் கையில் இந்த வீட்டுச் சாவி இருந்தது.

"அக்கா, எங்கக்கா போயிட்டீங்க? எத்தனை தடவை போன் போட்டேன்" என்று சொல்லும்போதே அவள் உடைந்து அழுதுவிட்டாள். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வாசல்வரைதான் டிரைவருக்கு உயிர் இருந்தது.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போனபிறகு, மாடிப்பெண் ஒருநாள் டீ கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அறை எதற்கென்று அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. சொல்ல இவளுக்குத் தைரியமும் இல்லை.

"துணி எடுக்க இறங்கி வந்தேங்க்கா. ஜன்னல் வழியா பாத்தா நெஞ்சைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தாரு. அக்காவைக் கூப்பிடவான்னேன். டூட்டில இருக்கா, தொந்தரவு பண்ணாத, வெறும் வாயுதான்னாரு. ஆபீஸ் தூரமான்னு கேட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆமாம்மா, ரொம்ப தூரம்னு சிரிச்சாரு. அந்த வலியிலயும் சிரிச்சாருக்கா."

இவள் டீயைக் கீழே வைத்தாள்.

"உள்ள ரேடியோ வேற ஓடிட்டிருந்துச்சு. யாரோ பொம்பளை பேசிட்டே இருந்தாங்க. நான் ஆட்டோவுக்கு ஓடுறதுக்கு முன்னாடி, சத்தமா இருக்கே, அணைச்சுடவான்னேன். வேணாம், அது ஓடட்டும்னு சொன்னாரு."

அந்த வீட்டில் ரேடியோ கிடையாது.

விடுப்பு முடிந்தது. காலையில் பையை மாட்டிக்கொண்டு, பழக்கதோஷத்தில் "போயிட்டு வர்றேங்க" என்று காலிக் கூடத்தைப் பார்த்துச் சொல்லி, சொன்னதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். தெருமுனை, மருந்துக்கடை, பின்சந்து. அறைக்குள் வந்து உட்கார்ந்து முதல் இரண்டு புகார்களுக்கு முறையாக வருத்தம் தெரிவித்தாள். மூன்றாவது ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது காற்றில் கூடத்துக் கதவு தானாகத் திறந்துகொண்டது. தாழ்போடத்தான் ஆள் இல்லையே. நிலைப்படிக்கு அந்தப்புறம், கதவை ஒட்டினாற்போல, அவருடைய நாற்காலி சுவரில் சாய்ந்து கிடந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

எழுந்தாள். ஹெட்போனைக் கழற்றிய வேகத்தில் ஒயர் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. போனில் இருந்தவரின் குரல் லேப்டாப்பிலிருந்து அறைக்குள் பேச ஆரம்பித்தது. அவள் கூடத்துக்குப் போனாள். தகரப் பலகை அதிர, கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். பிறகு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவர் தலை பட்டுப் பட்டு எண்ணெய்க் கறை படிந்திருந்த சுவரில் தன் தலையைச் சாய்த்தாள்.

எல்லாமே கேட்டது. ஒரு சொல் விடாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

"ஹலோ? மேடம்?" என்றது கதவுக்கு அந்தப்பக்கம் அந்தக் குரல். "லைன்ல இருக்கீங்களா? ஹலோ, யாராவது இருக்கீங்களா?"